முதல் சவாரியிலேயே ரசம் குடித்த வண்டி

போன வருடம் தை மாதம், கல்யாணங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்த நேரம். செகந்திராபாத் லோத்குண்டாவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. எங்கள் குடும்பத்தின் முதல் சொந்த வண்டி. அந்த வண்டி எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது என்று அன்றைக்குத் தெரியாது.

என் பெற்றோர் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்வார், அப்பா வண்டியை. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சமைத்து, அண்டா அண்டாவாக மண்டபத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை வாடகை வண்டிதான். அதன் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சாம்பாரும் புளித்தண்ணீரும் சிந்திச் சிந்தித் தகடு அரித்துப்போய், ஓட்டை வழியாக ரோடு தெரியும். நம் வண்டிக்கு அந்தக் கதி வரக்கூடாது, தொட்டிக்கு உள்ளே ஏதாவது பூச்சு போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"இத பாப்பா பாத்துக்கட்டும். நாம வாயே தொறக்க வேணாம்."

பாப்பா என்றால் நான்தான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கி, ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. ரசாயனப் பூச்சு என்றால் என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்கள்?

இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். நோட்டுப் போட்டு எழுதினேன். தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று உண்டு. ஆனால் அதற்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும். ரப்பர் விரிப்பிலும் அதே தொல்லை. ஸ்ப்ரே லைனர் என்பது வேறு. சூடான கலவையைத் தகட்டின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். அது ரப்பர் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. பக்கச் சுவர்களின் மேல் விளிம்பில்தான் கயிறு உராய்ந்து பெயிண்ட் போகும் என்பதால், அங்கேயும் தனியாக மூடி வாங்கி மாட்டாமல் இதே பூச்சையே அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மௌலா அலியில் இந்த வேலை செய்கிற பட்டறை ஒன்றுக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; எங்களைப் போலவே 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'ஏன்' என்பதற்கு 'கைக்கு' என்று இந்த ஊர்ப் பேச்சைக் கலந்து பேசுபவர். இரண்டு மாதிரித் தகடுகளை எடுத்து வந்து காட்டினார். ஒன்று ஆரஞ்சுத் தோல் போல லேசான புள்ளிகளுடன் இருந்தது. இன்னொன்று உப்புத்தாள் போலக் கையைப் பிடித்தது.

"என்ன லோடு மேடம்?"

"சமையல் பாத்திரம். பெரிய பெரிய அண்டா."

"தூக்கி வைப்பீங்களா, தள்ளி விடுவீங்களா?"

"தூக்கித்தான் வைப்பாங்க. சாம்பாரை யாராவது தள்ளுவாங்களா?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஹவ், பாப்பா சொன்னா சரிதான்" என்றார்.

நான் உப்புத்தாள் மாதிரியைத் தொட்டுக் காட்டினேன். "இருந்தாலும் இவ்வளவு சொரசொரப்பு நக்கோ மேடம்" என்று பட்டறைக்காரர் இழுத்தார். நான் விடவில்லை. உராய்வு என்றால் என்ன, பிரேக் போடும்போது அண்டா ஏன் நகரும், சொரசொரப்பு அதை எப்படித் தடுக்கும் என்று அந்தப் பட்டறை நடுவில் ஒரு வகுப்பே எடுத்தேன். "சரி மேடம், நீங்க படிச்சவங்க" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பெற்றோர் அண்டாக்களை எப்படி ஏற்றுகிறார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கொட்டகைப் பக்கம் போனாலே "நீ போய்ப் படி" என்று துரத்துவார்கள். ஒரு கரண்டியைக் கூடத் தொட விடமாட்டார்கள். அப்படி வளர்ந்தவள்தான் அவர்கள் தொழிலுக்கான தரையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

பூச்சு காயும் வரை லோடு ஏற்றக்கூடாது என்று சொல்லி சனிக்கிழமை சாயங்காலம்தான் வண்டியைக் கொடுத்தார்கள். மறுநாளே மாரெட்பள்ளியில் ஒரு கல்யாணம். பதினொன்றரைக்கு முதல் பந்தி. பத்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். நானும் என் தேர்வின் அழகைப் பார்க்க வாசலில் நின்றேன்.

அப்பாவும், பரிமாற வருகிற அண்ணன் ஒருவரும் ரச அண்டாவைத் தூக்கித் தொட்டியின் வாயில் வைத்தார்கள். பிறகு அப்பா, இத்தனை வருடப் பழக்கத்தில், இரண்டு கையாலும் ஒரே தள்ளு தள்ளினார். வாடகை வண்டியின் தகட்டில் அண்டா வழுக்கிக்கொண்டு போய் முன்சுவரில் நிற்குமாம். இங்கே அடிப்பாகம் ஓர் அங்குலம் கூட நகரவில்லை. மேல்பாகம் மட்டும் நகர்ந்தது. அண்டா உள்பக்கமாகச் சாய்ந்தது, மூடியைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவிழ்ந்தது, மூடி உருண்டது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. ஆனால் பாதி ரசம் புதுத் தொட்டியில் பரவி மிளகு வாசனையோடு ஆவி பறந்தது.

"பாப்பா, தரையில பசை தடவிட்டீங்களா?" என்றார் அண்ணன்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "எல்லார் வண்டியும் பூசணிக்கா கேக்கும். இது ரசம் கேட்டிருக்கு! நாக்கு இருக்கிற வண்டிதான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஆறு அண்டாக்கள் இருந்தன. பந்தி நேரத்துக்குச் சாப்பாடு போகவில்லை என்றால் அது என் பெற்றோர் பெயருக்கு வரும் இழுக்கு, காரணம் நான். தள்ள முடியாது என்றால் உள்ளே ஒருவர் நின்று வாங்கித்தான் வைக்க வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிமேல் ஏறினேன்.

"ஏய், எறங்குடி! கை சுட்டுக்கும், நாளைக்கு ஆபீஸ் போக வேணாமா?" என்று அம்மா கத்தினார். நான் கேட்கவில்லை. சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபக்கத்தை அப்பா பிடிக்க, ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தோம். நான் உட்கார்ந்து படிப்பதற்காக இவர்கள் தினம் தினம் தூக்கிய கனம் எவ்வளவு என்று என் முதுகுக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினொன்றேகாலுக்கு மண்டபத்தில் இருந்தோம். பந்தி உட்கார்ந்து சாம்பார் சாதம் முடிப்பதற்குள், அம்மா அங்கேயே தக்காளியும் மிளகும் வாங்கி மீதி ரசத்தைத் தேற்றிவிட்டார். "இன்னிக்கு ரசம் தனி ருசி" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாராம்.

திரும்பும்போது அப்பாவிடம் கேட்டேன். "தள்ளித்தான் ஏத்துவீங்கன்னு பட்டறையிலேயே ஏம்பா சொல்லல?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ அவ்ளோ அழகா பேசிட்டிருந்தே. நம்ம வீட்ல யாரும் ஒரு பட்டறைக்காரன் முன்னாடி அப்படி நிமிந்து நின்னு பேசினதில்ல. நடுவுல பூந்து கெடுக்க மனசு வரல பாப்பா. கைக்கு, எதுக்கு இப்ப முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே? வண்டி எங்கயும் போயிடல."



அடுத்த வாரம் மீண்டும் மௌலா அலி. "பூச்சைச் சுரண்டி எடுத்துடுங்க" என்றேன். "நக்கோ மேடம், சுரண்டினா தகடும் சேந்து போகும்" என்றார் பட்டறைக்காரர். "முதல்லயே கேட்டேனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். இந்த முறை நான் ஒதுங்கி நின்று, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அப்பா அங்கிருந்த காலி பெயிண்ட் டிரம் ஒன்றைத் தூக்கிவைத்து எப்படித் தள்ளுவார், எங்கே திருப்புவார் என்று செய்து காட்டினார். தொட்டியின் நடுவில் மட்டும் நீளவாக்கில் ஓர் அலுமினியத் தகடு போட்டால் போதும் என்றார். அதன் வழியாக அண்டாவைத் தள்ளிக்கொண்டு போய், முன்னால் போனதும் ஓரத்துக்குச் சாய்த்து நகர்த்திவிடலாம். பட்டறைக்காரர் தகட்டை அளந்து வெட்டிவிட்டு, திருகு போட டிரில்லிங் மிஷினை எடுத்தார்.

"ஓட்டை போடாதீங்க!" என்று கத்தினேன். ஓட்டை போட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கும், பூச்சு போட்டதே வீண். கீழே இருப்பதுதான் உப்புத்தாள் தரை ஆயிற்றே, சும்மா வைத்தாலே பிடித்துக்கொள்ளும் என்றேன். வைத்துக் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஹவ் மேடம், இது கரெக்ட்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பட்டமளிப்பு விழாவில் கூட அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது அண்டாக்கள் நடுத்தகட்டில் வழுக்கிப் போகின்றன. ஓரத்துச் சொரசொரப்பில் நகராமல் நிற்கின்றன. முன்பெல்லாம் இடையிடையே சாக்கு மூட்டை திணிப்பார்களாம், அந்த வேலையும் இல்லை. விளிம்பில் கட்டும் கயிறும் நழுவுவதில்லை. அந்தத் தேர்வு முழுக்க முழுக்க என்னுடையது என்பதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அண்டாவையாவது நான் தூக்குகிறேன். அம்மாவும் கத்துவதை விடவில்லை.

படித்ததைப் பேசும்போது வருகிற உற்சாகம் எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் பேசத் தொடங்கும் முன், பக்கத்தில் யார் பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்து, அவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.