ஏழு மணி வண்டியின் சிவப்புப் பலகை

டிப்போவில் அவரை எல்லாரும் 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகப் பேருந்துகளுக்கு அடியில் மண்டியிட்டு பிரேக் பார்க்கிற மனிதர். அவர் கை வைத்த வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து ஜெபம் பண்ணச் சொன்னால் மட்டும் மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அவர் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் எல்லாரும் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் சொல்வது ஒரே ஜெபம். "ஆண்டவரே, பிள்ளையைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க. பத்திரமா கூட்டிட்டு வாங்க. ஆமென்." அவ்வளவுதான். மனைவி அப்போதுதான் கண்ணை மூடியிருப்பாள்.

தம்பி அப்படியில்லை. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர், சபையில் மூப்பர். அவன் ஜெபிக்க ஆரம்பித்தால் அக்கினி மதில் எழும்பும், தேவதூதர்கள் அணி அணியாக இறங்குவார்கள், முன் வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சின்ன வயதிலேயே அப்படித்தான். விருந்தாளி வந்தால் அப்பா, "சின்னவனே, நீ ஜெபம் பண்ணு" என்பார். பெரியவனைக் கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார். அந்த நாற்காலிகளைப் பிரேக்கு இன்னும் மனசிலிருந்து இறக்கி வைக்கவில்லை.

மகள் பேருந்து ஓட்டுநர் ஆனாள். அதுவும் அவருடைய டிப்போவிலேயே. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் நாள் அவளுக்கு ஏழு மணி வண்டி என்று தெரிந்ததும், அதை முந்தின நாள் முழுக்கப் பழுதுபார்க்கும் குழியில் நிறுத்தி எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, பிரேக் லைனிங் மாற்றி, மறுபடி மாட்டி, தானே ஓட்டிப் பார்த்தார். மகளின் தலையில் கைவைத்து அந்த இரண்டு வரியைச் சொல்லி அனுப்பவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

அன்று மாலை, பக்கத்து அறையில் மகள் போனில் பேசுவது காதில் விழுந்தது. "சித்தப்பா, நாளைக்கு நீங்கதான் வந்து ஜெபம் பண்ணணும். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வந்துருங்க, என்ன?"

அவர் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். போகாத கிரீஸையெல்லாம் தேய்த்தார். 'பிரேக் போட நான் வேணும். பேர் வாங்க அவனா?'

மறுநாள் ஆறே முக்காலுக்கெல்லாம் தம்பி தேய்த்த சட்டையோடு டிப்போ வாசலில் நின்றான். ஏழரைக்கு அவன் பள்ளியில் கையெழுத்துப் போடவேண்டும். அதில்தான் இவர் மண்டையில் பொறி தட்டியது. ஜெபம் வண்டி எடுக்கும்போதுதான்; வண்டி அரைமணி நேரம் தாமதமானால் அவன் கிளம்பித்தானே ஆகவேண்டும்? யாரும் பார்க்காதபோது, 'ஓட்டக்கூடாது' என்ற சிவப்புப் பலகையை எடுத்து அந்த வண்டியின் ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டார். டைம்கீப்பரிடம் போய், "பின் சக்கரத்துல ஒரு சத்தம் வருது. பார்த்துட்டு விடறேன்" என்றார்.

"நீங்க பாருங்க பிரேக்கு. பாப்பா, நீ அந்த மாத்து வண்டிய எடுத்துக்கம்மா. கூட்டம் நிக்குது."

மனிதருக்குப் பகீரென்றது. இருபத்தாறு வருஷ டிப்போக்காரனுக்கு மாற்று வண்டி என்று ஒன்று உண்டு என்பது மறந்தே போயிருந்தது. பொறாமை கண்ணை அப்படி மறைத்திருந்தது. அந்த மாற்று வண்டிக்கு பிரேக் பார்த்தது அடுத்த ஷிப்டுக்காரன். வேலை நேரத்தில் பாதியைப் போனிலும் மீதியை டீக்கடையிலும் கழிப்பவன்.

"அந்த வண்டி வேணாமே" என்றார்.

"ஏன், அதுலயும் சத்தமா?" டைம்கீப்பர் சிரித்தார். "வாங்க, ரெண்டையும் நானே பார்க்கறேன்."

பார்த்தால் முதல் வண்டியில் ஒன்றுமில்லை என்று வெட்டவெளிச்சமாகிவிடும். தம்பி முன்னால், மகள் முன்னால். அவர் வாயை மூடிக்கொண்டார். அங்கே மாற்று வண்டியின் படியருகே தம்பி மகளின் தலையில் கைவைத்துக் கண்ணீர் மல்க ஜெபித்துக்கொண்டிருந்தான். பயணிகள் சிலர்கூட ஆமென் சொன்னார்கள். வண்டி வாசலைத் தாண்டி வளைவில் மறைந்தது.

அதற்குப் பிறகு அவர் சத்தம் வராத வண்டியின் அடியில் போய் மண்டியிட்டார். "பிள்ளையைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க. பத்திரமா கூட்டிட்டு வாங்க." திரும்பத் திரும்ப அதையே. வேறு வார்த்தை வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கோ கேட்டபோது கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கால்விரலில் விழுந்தது. அவர் ஜெபிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் முழங்கால் எந்த நாளும் கருப்பாகத்தானே இருக்கும்.

மூன்று மணிக்கு அந்த வண்டி உள்ளே வந்தது. மகள் குதித்து இறங்கினாள்.

"பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்குதுப்பா. பாலத்து இறக்கத்துல ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. எப்படியோ சமாளிச்சுட்டேன்."

அவர் கருவிப் பெட்டியை எடுத்தார். நேரே அந்த இடது முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போனால் அதற்குள் செய்தி தம்பியை எட்டியிருந்தது. போன் வந்தது. "அண்ணா, கேட்டீங்களா? காலையில அந்த வண்டிமேல கைவச்சு ஜெபம் பண்ணும்போதே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பாரம். கர்த்தர் கேட்டார்ண்ணா! ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்றேன்." பாவம், அவன் சூதுவாது தெரியாமல்தான் சொன்னான். எட்டு மணி நேரம் முழங்கால் தேய ஜெபித்தது இவர், சாட்சி அவனுக்கு. உண்மையைச் சொல்லலாம் என்றால் பலகையையும் சேர்த்துச் சொல்லவேண்டுமே!

மறுநாள் காலை தம்பி வரவில்லை. மகள் காக்கிச் சட்டையோடு தயாராக நின்றாள்.

"என்னங்க, நீங்க பண்ணுங்க" என்றாள் மனைவி.

மூவரும் முழங்காலில் நின்றார்கள். அவர் மகளின் தலையில் கைவைத்தார். இதற்குத்தானே அத்தனை பாடும் பட்டார்.

"ஆண்டவரே, பிள்ளையை..." என்றார். மேலே போகவில்லை. மனைவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, நேத்து அந்தப் பலகைய மாட்டினது நான்தான். வண்டியில ஒரு சத்தமும் இல்ல. தம்பி ஜெபம் பண்ணக்கூடாதுன்னு மாட்டினேன். பிள்ளைய அந்த ஓட்டை வண்டியில ஏத்திவிட்டுட்டு, வெட்கப்பட்டு வாயை மூடிட்டு நின்னேன்."

கைக்கு அடியில் மகளின் தலை அசைந்தது. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று தெரிந்தது. அவர் திறக்கவில்லை.

"ஒரு ஜெபத்துக்காகவாப்பா?" மகளின் குரல் உடைந்தது. "எனக்கு நீங்க பிரேக் பார்த்த வண்டி போதும்னு இருந்தேன். சித்தப்பாவைக் கூப்பிட்டது, நாலு பேர் முன்னாடி ஜெபம் பண்ணச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்."

அவர் தோள் குலுங்கியது. கையை மட்டும் எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார்.

"பத்திரமா கூட்டிட்டுப் போங்க. பத்திரமா கூட்டிட்டு வாங்க. அப்புறம் ஆண்டவரே, இது எதுவும் என் தம்பிக்குத் தெரிய வேணாம். ஆமென்."