மாமா அடையாளம் சொன்ன மோதிரம்

என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி, பேருவளையில் ஒரு கல் வியாபாரியிடம் பட்டை தீட்டும் வேலை பார்த்தார். பெருநாளைக்குக் கல்முனைப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வரும்போது அவருடைய சட்டைப் பையில் வெள்ளைக் கடதாசியில் மடித்த நாலைந்து கற்களும் ஒரு சின்ன லென்ஸும் இருக்கும். மாணிக்கக் கல் என்றால் கண்ணைக் கூச வைக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தக் கடதாசியைப் பிரித்த நாள் பெரிய ஏமாற்றம். பால் கலங்கிய நிறத்தில், கற்கண்டு உடைசல் மாதிரி என்னவோ கிடந்தது. தெருவில் கிடந்தால் காலால் தட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மாமா ஒரு கல்லை நாக்கில் தொட்டு நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"காய்ஞ்ச கல்லு ஒண்டும் செல்லாது மகள். நனைச்சாத்தான் உள்ளுக்கு என்ன கெடக்கு எண்டு தெரியும்."

அவர் நாக்கில் வைத்ததை மட்டும்தான் நான் கவனித்தேன். ஒன்றை எடுத்து வாய்க்குள் போட்டு, இனிப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தேன். உம்மா ஓடிவந்து என் வாய்க்குள் விரலை விட்டுக் கல்லை எடுத்தார். பிறகு சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முகம் ஞாபகத்தில் இல்லை. வீட்டோடு படங்களும் போய்விட்டதால் சரிபார்த்துக்கொள்ளவும் வழியில்லை.

உம்மாவின் விரலில் இருந்த நீலக்கல்லும் முதலில் இப்படிப் பால் கலங்கிக் கிடந்ததுதானாம். கரி நெருப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதி அதை நீலமாக்கியிருக்கிறார்கள். மாமா முதன்முதலில் தனியாகப் பட்டை தீட்டிய கல் அது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. முதலாளி வேண்டாம் என்று ஒதுக்க, மாமா கெஞ்சி வாங்கி வந்து, கல்முனையில் ஒரு பத்தரிடம் கொடுத்து மோதிரமாக்கித் தன் ராத்தாவான உம்மாவுக்குப் போட்டுவிட்டார். உம்மா அதைக் கழற்றியதே இல்லை. அரிசி களையும்போதும் மீன் கழுவும்போதும் அது விரலில்தான் இருந்தது.

கடல் வந்த காலை நானும் வாப்பாவும் வீட்டில் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால், வீரமுனைக்கு அப்பாலிருந்த எங்கள் வயலுக்கு என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். எனக்கு ஆறு வயது. வரம்பில் நின்ற என்னிடம் யாரோ ஓடிவந்து, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். மீனும் வந்திருக்குமா என்று நான் கேட்டேன். வாப்பா என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார். திரும்பி வந்தபோது கடற்கரைப் பக்கம் எங்கள் தெரு இருந்த இடத்தில் தெரு இல்லை. தூரத்தில் ஒரு கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது. அது எங்கள் கிணறா அடுத்த வீட்டுக் கிணறா என்று வாப்பாவுக்கே சொல்லத் தெரியவில்லை.

உம்மா கிடைக்கவில்லை. உம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியம்மா, அன்று கடற்கரையை விட்டு ஊரின் உள்பக்கம் நின்றதால் தப்பியிருந்தார். அவருடைய மடியில் என்னை விட்டுவிட்டு வாப்பா தேடத் தொடங்கினார். ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள், அகதி முகாம்கள் என்று மட்டக்களப்பு வரையும் பொத்துவில் வரையும் போய் வந்தார். வேறு வீடுகளில் இறந்தவர்களுக்கான கத்தம் ஓதி முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்க அவர் விடவில்லை.

"மவுத்தான ஆளுக்குத்தான் ஓதுற. இவவுக்கு என்னத்துக்கு?" என்பார்.

வயலை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. விளைந்ததை வேறு ஆட்கள் வெட்டினார்கள். தறப்பாள் கூடாரத்துக்குள் பெரியம்மா வைத்த சோறு அப்படியே கிடக்கும். உம்மா அன்று உடுத்திருந்த மாதிரிப் பச்சை முந்தானையில் ஒரு பெண் தெருவில் போனால், சைக்கிளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார். ஒருமுறை அப்படி ஓடி அடி வாங்கிக்கொண்டும் வந்தார். என்னோடு கதைப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. முகம் கழுவிவிடும்போது கூட என் தலைக்கு மேலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாமா பேருவளை வேலையை விட்டுவிட்டு வந்து, கல்முனையில் ஒரு நகைக் கடையின் மூலையில் இருந்து கல் பதிக்கத் தொடங்கினார். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்த ஒரு நாள் பெரியம்மாவிடம் வந்து, கடலில் போன மையித்துகளை அடக்கிய பள்ளிவாசல்காரர்கள், அவற்றிலிருந்து கழற்றி வைத்த சாமான்களைப் பார்க்க விடுகிறார்களாம் என்றார். வாப்பா வர மறுத்துவிட்டார். நாங்கள் மூவரும் போனோம்.

பள்ளிவாசல் மதரசாவின் தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் காப்புகள், சங்கிலித் துண்டுகள், கைமணிக்கூடுகள், ஒற்றைத் தோடுகள், சாவிக்கொத்துகள். எல்லாமே உப்பும் மண்ணும் ஏறி ஒரே நிறமாகக் கிடந்தன. பெண்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். யாரும் சத்தமாக அழவில்லை. ஒரு பெண் ஒரு சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனார்.

மாமா ஒரு நீலக்கல் மோதிரத்தை எடுத்தார். தன் சட்டையில் துடைத்து, லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டே துணியிலிருந்த மற்றக் கற்களையும் பார்த்தார். நான் அவருடைய சாரனைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, எனக்கும் காட்டுங்க."

அவர் காட்டவில்லை. லென்ஸைப் பையில் போட்டுவிட்டு, "ஓம், ராத்தாட கல்லுதான்," என்றார்.

பெரியம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்தவர், அந்த மோதிரம் கடல் வந்த அன்று அந்தியில் அடக்கிய ஒரு பெண்ணுடையது என்று சொல்லி, எந்த இடத்தில் அடக்கினார்கள் என்பதையும் காட்டினார்.

வாப்பா முதலில் நம்பவில்லை. "கடையில இதப் போல நூறு மோதிரம் இரிக்கி," என்றார்.

"மச்சான், நான் தீட்டின கல்லு. என்ட கைக்குத் தெரியாதா?"

வாப்பா மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு வாயைத் திறந்து, கடல் வந்ததற்குப் பின் முதல் தடவையாக, பெரிய சத்தமாக அழுதார். அந்தச் சத்தத்தில் எனக்குப் பயம் வந்து நான் கூடாரத்துக்கு வெளியே ஓடிவிட்டேன்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. உம்மாவுக்குக் கத்தம் ஓதினார்கள். வாப்பா அந்த மண்ணில் போய் நின்று துஆக் கேட்டார். அடுத்த போகத்துக்கு வயலுக்கு இறங்கினார். சோறு சாப்பிட்டார். என் தலையைப் பார்த்து, பேன் பார்க்க ஆளில்லையா என்று பெரியம்மாவிடம் கோபப்பட்டார். ஒரு வருசம் கழித்து, எல்லோரும் சொல்லிச் சொல்லி, நிந்தவூரில் ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணுடைய வீட்டுக்குத்தான் போக வேண்டும். வாப்பாவும் ஒரு பையில் உடுப்பை எடுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருவார், விருந்தாளி மாதிரி.

கடலால் என் உம்மா போனார், மாமா கொண்டுவந்த மோதிரத்தால் வாப்பா போனார் என்பதுதான் அந்த வயதில் என் முடிவு. மாமா வந்தால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன். மோதிரத்தை எனக்கென்று பெரியம்மா எடுத்து வைத்திருந்தார். பெருநாளில் நூல் சுற்றிப் போட்டுவிடுவார். கல்லுக்குக் கீழே மஞ்சளாக ஒரு துளி இறுகிப் போயிருந்தது. அதுவும் கல்லின் ஒரு பகுதிதான், நெருப்பில் ஊதியபோது மிஞ்சியது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் ஒருநாள் கேட்டேன். அவர் என் விரலைப் பார்க்காமல் எழும்பிப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்த வருசம் எனக்குப் பத்து வயது தாண்டியிருந்தது. கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். முச்சக்கர வண்டிகளில் கொடி கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பாற்சோறு தந்தார்கள். அதற்குப் பின் பல மாதங்கள் கழித்து, ஒரு பின்னேரம், சுனாமிக்குப் பின் எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டு வாசலில் ஒரு மனிதர் சைக்கிளோடு வந்து நின்றார். மெலிந்து கறுத்த ஆள், நெற்றியில் திருநீறு. அன்று வெள்ளிக்கிழமை. வாப்பாவும் வந்திருந்தார். மாமாவும் வந்திருந்தார்.

"காக்கா, கோவிச்சுக்காதீங்க. பள்ளிவாசல்ல கேட்டுத்தான் இஞ்ச வந்த," என்று அவர், அண்ணன் என்பதை எங்கள் வழக்கில் சொல்லி, வாப்பாவைப் பார்த்துத் தொடங்கினார்.

பாண்டிருப்பில் மீன்பிடிக்கிறவர் அவர். கடல் வந்த நேரம் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தாராம். வந்து பார்த்தபோது மனைவி இல்லை. ஆஸ்பத்திரியிலும் தங்கள் ஆட்கள் எரித்த இடங்களிலும் தேடினார். பிறகு திரும்பவும் தொழிலுக்கென்று வடக்கே போக, பாதை மூடிவிட்டது. யுத்தத்துக்குள் அகப்பட்டு, முகாமில் கிடந்து, இப்போதுதான் விட்டிருக்கிறார்கள். அன்று அலை எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்ட உடல்களை, யார் எவர் என்று பார்க்காமல் முஸ்லிம்களும் அடக்கினார்கள் என்று யாரோ சொல்ல, பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். மனைவியின் விரலில் நீலக்கல் மோதிரம் ஒன்று இருந்தது என்று சொன்னதும், அப்படி ஒன்று இந்த வீட்டுக்குப் போனது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அது எங்கட மோதிரம்," என்றார் வாப்பா, மாமாவைக் காட்டி. "இவருதான் தீட்டின."

அந்த மனிதர் தலையாட்டினார். "அப்படி எண்டா சரி காக்கா. என்ட மனுசிட கல்லு ஆடிக்கொண்டு இருந்தது. மீன் பிடிக்கிற போட்டுக்குப் பூசுற பசையை நான்தான் ஒரு சொட்டு வச்சு ஒட்டின. அடியில மஞ்சளாத் தெரியும். அது இல்லாட்டி நான் போறன்."

நான் உள்ளே ஓடிப்போய், பெரியம்மாவின் பெட்டியிலிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு வந்து, தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். அந்த மஞ்சள் துளிக்குக் காரணம் தெரிந்துவிட்டதில் எனக்கு ஒரு பெருமை.

அந்த மனிதர் மோதிரத்தை வாங்கி, அந்தத் துளியை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "அண்ணன், அது உங்கட சாமான். கொண்டு போங்க."

"என்னடா செல்ற?" வாப்பாவின் குரல் மாறிவிட்டது.

"அது கண்ணாடி மச்சான். லென்ஸ வச்ச உடனேயே கண்டுட்டன். உள்ளுக்கெல்லாம் குமிழி. ராத்தாட கல்லு அங்க இல்ல. எல்லாத்தையும் பாத்திட்டன், இல்ல."

"அப்ப ஏன்?"

"நீங்க சாப்பிடல்ல. புள்ளைட முகத்தப் பாக்கல்ல. இன்னும் கொஞ்ச நாள் போனா நீங்களும் மவுத்தாகிருவீங்க. ஒரு கல்லு வேணுமாயிருந்திச்சு." அவர் அந்த மனிதரைப் பார்த்தார். "அதுக்கு இன்னொரு வீடு இருக்கும் எண்டு அண்டைக்கு நான் யோசிக்கல்ல. பிறகு யோசிச்சன். பிறகு வாய் வரல்ல."

வாப்பா மாமாவை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைத் தூக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி, செருப்பை மாட்டி, ஸலாம் கூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நிந்தவூர்ப் பக்கம் போகவில்லை. கடற்கரைப் பக்கம் போனார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். மாமா படியில் குந்தியிருந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் சந்தோசம் துள்ளியது. மோதிரம் உம்மாவுடையது இல்லை என்றால், அடக்கியது உம்மாவை இல்லை. அப்படியென்றால் உம்மா எங்கேயோ இருக்கிறார். வாப்பா கூட்டிவரத்தான் போகிறார், வந்ததும் இந்த வீட்டிலேயே இருந்துவிடுவார். நாலு வருசமாக மாமாவின் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிசத்தில் போய்விட்டது. இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்றுதான் விளங்கவில்லை.

அந்த மனிதரும் போகாமல் வாசலில் நின்றார். மோதிரத்தைச் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்தார். அது பாதியில் நின்றுவிட்டது. கழற்றி உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க அழத் தொடங்கினார். தேடி வந்த சாமான் கிடைத்த பிறகும் ஒரு பெரிய ஆள் இப்படி அழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கிட்டப் போனேன்.

"அழாதீங்க. மோதிரம் கிடைச்சிட்டுத்தானே."

அவர் என் தலையில் கையை வைத்தார்.

"ஓம் மகள், கிடைச்சிட்டு," என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

நான் உள்ளே ஓடிவந்து, உம்மா வந்தால் படுப்பதற்கென்று பெரியம்மாவின் புதுப் பாயை எடுத்து விரித்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.