கிழிக்க ஆளில்லாத உடுப்பு

ஒலெகாரியோ போன வாரம் செத்தான். சட்டம் படித்துவிட்டு, நாற்பது வருஷம் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தினான். நாலு பேர் முன்னால் அவனுக்குப் பேச்சு வராது. வராதபடி செய்தவர்கள் நாங்கள்.

கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் படித்தபோது பதினோரு மாணவர்கள் ஒரே வீட்டில் இருந்தோம். எந்த முடிவுக்கும் சம்பந்தப்பட்டவன் நீங்கலாக எல்லோரும் கை தூக்க வேண்டும்; ஒரு கை குறைந்தாலும் முடிவு கிடையாது. பெரிய பீற்றல் எங்களுக்கு அதில்.

அறுபத்திரண்டில் போலீஸ் மாணவர் சங்கத்தைப் பூட்டியது. யாரும் வகுப்புக்குப் போகக் கூடாது என்றது சங்கம். ஒலெகாரியோ போனான்.

"உதவித்தொகை நின்னா படிப்பு போச்சுடா. அம்மா ஆடு மேய்க்குது," என்றான் சாப்பாட்டு மேசையில்.

"அப்ப நீயும் போய் மேய்," என்றான் எங்களில் மூத்தவன் பல்தசார். "படிப்பு முடியுற வரைக்கும் இவன்கூட யாரும் பேசக் கூடாது. கையத் தூக்குங்க."

ஒன்பது கை எழுந்தது. பத்தாவது நான். சூப் ஆறிக்கொண்டிருந்தது, எனக்கோ பசி. தூக்கித் தொலைத்தேன்.

அந்த வாரமே அவன் வீட்டை விட்டு வேறிடத்தில் அறை பார்த்துப் போய்விட்டான். இரண்டு வருஷம் ஒருவரும் அவனோடு பேசவில்லை.

கடைசித் தேர்வில் தேறி வருகிறவனின் கறுப்பு உடுப்பை நண்பர்கள் நார்நாராகக் கிழிப்பார்கள். மேலங்கியைப் போர்த்திக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடுவான். எங்களுக்கு அதுதான் பட்டம். ஒலெகாரியோ தேறிய அன்று அவன் தாய் மாற்றுத்துணியோடு வந்திருந்தாள். நாங்கள் எதிரே கைகட்டி வேடிக்கை பார்த்து நின்றோம்.

"உன் சிநேகிதங்க எங்கய்யா?"

"வருவாங்கம்மா. கொஞ்சம் இரு."

அரைமணி நேரம் வெயிலில் நின்றார்கள். பிறகு அவள் எங்களிடம் வந்தாள்.

"நீதான் வெரிஸிமோவா? கடுதாசி தவறாம உன்னப் பத்தி அடையாளத்தோட எழுதுவான். வந்து கிழிச்சு விடுய்யா. நேரமாகுது, பஸ் போயிரும்."

நான் வானத்தைப் பார்த்தேன். பாவி நான்.

அவள் திரும்பிப் போய், தானே மகனின் உடுப்புக் கையைப் பிடித்து இழுத்தாள். அது அவளே நெய்த கம்பளி, கிழியவில்லை. பல்லால் கடித்தாள். தோள் தையல் விட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பல்தசார் சிரித்தான். எல்லோரும் சிரித்தோம், என் சத்தம்தான் பெரிது.

அவள் முகம் மலர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"எம்புள்ளைக்காக இவ்வளவு சந்தோசப்படுறீங்களே. நீங்க நல்லா இருக்கணும்யா."