அவள் சொன்னதும் நான் சொன்னதும்

பிறக்கும்போது ஒட்சிசன் கிடைக்காமல் எங்கள் மகனின் மூளை பாதிக்கப்பட்டது. இரண்டு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. ஆஸ்பத்திரி மீது வழக்குப் போடலாமா என்று கேட்க, நானும் மனைவியும் கிழக்கு லண்டனில் ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனோம்.

"பிள்ளை பிறந்த அண்டு காலமை நீங்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்த போன் பதிவாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்குவம். அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றார் அவர்.

இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

அன்று காலை மனைவி, "பிள்ளை ராத்திரியில இருந்து அசையேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எங்கேயும் நான்தான் பேசுவேன். அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு முறை போன் எடுத்திருந்தோம். தொல்லை பிடித்தவர்கள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சத்தில், "அசைவு கொஞ்சம் குறைவு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பின்னேரம் வரச் சொன்னார்கள்.

மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

"போன பிறகும் காக்க வைச்சவையோ?"

"ஓம், மூண்டு மணித்தியாலம்."

"அப்ப வழக்குப் போட ஏலும். ஆனால் இதை மறைக்க ஏலாது."

பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அந்தப் பதிவை அவள் முன்னால் போடப்போகும் நாளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மகனுக்கு இழுப்பு வந்து கைகால்கள் வெட்டி இழுத்தன. நான் போனுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை வைத்து அவளே பேசினாள்.

ஆம்புலன்ஸ் உடனே வந்தது.