மேகலா ஒட்டிய மூன்று பொட்டு

மேகலாவுக்கு இன்னும் ஒரு தப்புதான் பாக்கி. போனில் கேட்டு, சந்தாதாரர் இடுப்பில் செருகியிருக்கும் பேஜருக்கு அனுப்ப வேண்டிய சேதியை, கம்ப்யூட்டரில் இரண்டு முறை வேறு கட்டத்தில் அடித்துவிட்டாள். மூன்றாவது முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சுப்பராமன் சொல்லிவிட்டார். ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறு ஆபீசுக்கு நடந்தே வருகிற பெண். அவள் வீட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து சம்பாதிக்கும் முதல் ஆள்.

தப்பு அவளுடையதா என்ன? 1997இல் அந்தப் பேஜர் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் திரை அமைத்துக் கொடுத்த குருபிரசாத், தன் மயிலாப்பூர் மூளை மொத்தத்தையும் அதில் கொட்டியிருந்தான். இருபத்திரண்டு கட்டங்கள்! கூப்பிட்டவர் பேட்டை, சந்தா வகை, குறியீடு என்று ஈ நுழைய இடமில்லை. யாராவது தடுமாறினால், ‘கவனம் போதாது’ என்பான்.

ஆனால் ஒரு மாதமாக மேகலாவிடம் மட்டும் பிழையே இல்லை. எப்படியென்று பார்க்கப் போனான். அவளுடைய கம்ப்யூட்டர் கண்ணாடியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டுகள்.

“என்னம்மா இது, கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வெச்சிண்டிருக்கே?”

அவள் கையால் பொட்டை மறைத்தாள். “எட்த்துடறேன் சார், மேல சொல்லாதீங்க. இத்தினி கட்டத்துல எத்த பாக்குறது? செவப்பு நம்பரு, பச்சை சேதி, கருப்பு அனுப்புறது. அத்த மட்டும் பாத்துக்கினு போய்டுவேன்.”

அதற்குள் போன் அடித்தது. பதறிய குரல். பேஜர்காரர் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது, அவரை உடனே வரச் சொல்லுங்கள். அவள் கண் சிவப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து கருப்புக்கும் போயிற்று. சேதி பறந்துவிட்டது. மற்ற பத்தொன்பது கட்டங்களை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குருபிரசாத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் தனக்குப் புலப்படாதது, இவளுக்கு ஒரு பொட்டு அட்டையில் புலப்பட்டுவிட்டதே! வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை புதுத் திரை வந்தது.

“மீதியெல்லாம் எங்கேய்யா?” என்றார் சுப்பராமன்.

“நம்பரை அடிச்சா மிஷினே எடுத்துக்கும் சார்.”

“சரி, இந்த மூணும் மூலைக்கு ஒண்ணா கெடக்கே? நடுவுல கொண்டாரக் கூடாதா?”

“வேண்டாம் சார். மேகலா கண்ணுக்கு அங்கேதான் பழக்கம். அந்த ரெண்டு தப்பும் என்னோடது. அவ பேர்ல எழுதாதீங்கோ.”

சுப்பராமன் தலையைச் சொறிந்தார். பிறகு ரிஜிஸ்டரைப் பிரித்து அவள் பேரில் இருந்த இரண்டு தப்பையும் கோடு போட்டு அடித்தார்.

மேகலா வந்து பார்த்ததும் திடுக்கிட்டாள். “இன்னா சார், மிஷினு கெட்டுப்பூட்சா? காலியா கீது!”

“பொட்டை எடுத்துட்டுப் பாரு. இனிமே அது வேண்டாம்.”

நகத்தால் உரித்தாள். ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில், அவள் தேடிப் பழகிய அதே இடத்தில், ஒவ்வொரு கட்டம் காத்திருந்தது. வேறொன்றுமில்லை. போன் அடித்தது. மூன்று பொட்டையும் புறங்கையில் ஒட்டிக்கொண்டு எடுத்தாள்.