டோனா பாடிய சனிக்கிழமைகள்

இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் கப்பல் கட்டும் தளத்தை மூடியபோது டோனா பர்விஸுக்குப் பதினோரு வயது. அவளுடைய அப்பா லெஸ் அங்கே வெல்டராக இருந்தவர். வேலை போன சில மாதங்களில் அம்மாவும் வேறொருவரோடு டார்லிங்டனுக்குப் போய்விட்டாள். லெஸ் நாள் முழுக்க நாற்காலியிலேயே கிடந்தார். தாடி வளர்ந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை, தொழிலாளர்கள் குடித்துப் பாட்டுக் கேட்கக் கூடும் கிளப்பில் பாட வேண்டியவன் வரவில்லை. கமிட்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, லெஸ் சும்மா இருக்க மாட்டாமல், "என் பொண்ணு பாடுவா" என்று சொல்லிவைத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூட ஷூவோடு மேடையேறி இரண்டு பாட்டுப் பாடினாள். பிங்கோ சூதாட்ட அட்டையில் எண்களை அடிப்பதிலேயே கண்ணாக இருந்த பெண்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்தக் கிளப்பில் அது சாதாரண விஷயமில்லை.

மறுநாள் காலை லெஸ் தாடியை மழித்தார்.

அதன் பிறகு ஒரு பழைய வேன் வந்தது, இரண்டு ஸ்பீக்கர் வந்தன. சனிக்கிழமை தவறாமல் சீஹம், பீட்டர்லீ என்று ஊர் ஊராகப் போனார்கள். வேனில் உட்கார்ந்ததும் அப்பா வேறு மனிதராகிவிடுவார். வழியெல்லாம் கதை சொல்வார். கமிட்டிக்காரர்களோடு வம்புக்கு நிற்பார். "பிள்ளை பாடிட்டிருக்கா, நடுவுல மைக்கைப் பிடுங்கி, சாப்பிட சூடா மீட் பை வந்துடுச்சுங்கிறியே, நீயெல்லாம் மனுஷனாய்யா?"

பள்ளி முடிந்ததும் டோனா கல்லூரியில் பாப் இசை படிக்கச் சேர்ந்தாள். மேடையில் பாடவும் வாசிக்கவும் மூன்று வருஷப் பட்டப்படிப்பு.

"பாடுறதுக்குப் பட்டமா?" என்று சிரித்தார் லெஸ். "இத்தனை வருஷமா நீ என்ன பண்ணிட்டிருந்தே, துணியா துவைச்சே?" ஆனாலும் தபால்காரர்வரைக்கும் பிடித்து நிறுத்திச் சொன்னார்.

கல்லூரியில் நான்கு பேர் நான்கு பேராக இசைக்குழு அமைக்க வேண்டும். டோனாவின் குழுவில் கிட்டார் வாசித்தவன் நீல் சாஃப்ட்லி. வாயைத் திறந்தாலே திக்குவான், ஆனால் பாட்டு எழுதுவான். ஜன்னல் இல்லாத ஒரு பயிற்சி அறையில் அவனும் அவளும் சேர்ந்து முதல் பாட்டை எழுதினார்கள். அதைக் கேட்ட குரல் பயிற்சி ஆசிரியை ஹிலரி குறிப்பேட்டை மூடி வைத்தாள்.

"இப்பதான் டோனா நீ பாடறே. இவ்வளவு நாள் வேற யாரையோ பாடிக் காட்டிட்டிருந்தே."

டோனா கழிப்பறைக்குப் போய் அழுதாள். சந்தோஷமாகத்தான்.

இரண்டாம் வருஷம் ஜனவரியில் காலை வேளைகளில் குரல் எழும்ப மறுத்தது. ஹிலரிதான் மருத்துவமனைக்கு அனுப்பினாள். மூக்கு வழியே சின்ன கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், "குரல் நாண்ல ரத்தக்குழாய் ஒண்ணு வீங்கியிருக்கு. ரெண்டு மாசம் பாட்டே கிடையாது. மீறினா அது வெடிக்கும், அதுக்கப்புறம் என் கையில ஒண்ணுமில்ல" என்றார்.

மே மாதம் மேடைத் தேர்வு. இரண்டு மாதம் ஓய்வெடுத்தாலும் நேரம் இருந்தது. கல்லூரியில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒத்திகையில் நீல் மெல்ல முனகி அவள் இடத்தை நிரப்பினான்.

சனிக்கிழமை வந்தது. அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று மாடியிலிருந்து இறங்கினாள். லெஸ் சமையலறையில் விசிலடித்தபடி தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு, இன்னிக்கு பீட்டர்லீ. போன தடவை உன்னைப் பார்த்து வாயைப் பிளந்தானே ஒரு கிழவன், முன்வரிசையில இடம் பிடிச்சு வெச்சிருக்கானாம்!"

டோனா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பாடினாள், அடுத்த சனிக்கிழமையும் பாடினாள். சிகரெட் புகை மண்டிய கூடங்களில், எட்டாத சுரங்களை இருமலுக்குள் ஒளித்துப் பாடினாள். மார்ச்சில் மறுபடி வரச் சொன்ன டாக்டரிடம் போகவில்லை. "எல்லாம் சரியாயிடுச்சு" என்று ஹிலரியிடம் சொன்னாள். ஹிலரி நம்பினாள்.

தேர்வு நாளன்று லெஸ் கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். முதல் மூன்று பாட்டும் நன்றாகவே போயின. நான்காவது, நீலும் அவளும் எழுதிய பாட்டு. அதன் உச்சியில் ஏறும்போது தொண்டைக்குள் ஏதோ வெதுவெதுப்பாகப் பிரிந்தது. வலிக்கவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. நீல் நிலைமை புரியாமல் அதே இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தான்.

மகள் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு லெஸ் எழுந்து நின்றார்.

"பாடு கண்ணு! அப்பா இருக்கேன், பாடு!"

அறுவை சிகிச்சை நடந்தது. தழும்பு தங்கிவிட்டது. பேச்சு கரகரப்பாகத் திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. குழுவுக்கு நல்ல மதிப்பெண். அவளுக்கும் தேர்ச்சி போட்டிருந்தார்கள். மூன்றாம் வருஷம் அவள் போகவில்லை.

ஜூலையில் ஹிலரி வீட்டுக்கு வந்தாள். டீக் கோப்பையைத் தொடாமலே டோனாவிடம் கேட்டாள்: "எனக்கு ஒண்ணுதான் புரியல. ஜனவரியிலயே டாக்டர் சொன்னாரே. அந்த ரெண்டு மாசமும் நீ பாடவே இல்லையே?"

டோனா தரையைப் பார்த்தாள். லெஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சொன்னார் டாக்டர்?"

ஹிலரி சொன்னாள். லெஸ் சனிக்கிழமைகளை விரல்விட்டு எண்ணுவதுபோல ஏதோ செய்தார், பாதியில் நிறுத்திவிட்டார். எழுந்து சமையலறைக்குப் போனவர் ஹிலரி கிளம்பும்வரை வரவில்லை. அந்த வாரமே வேனும் ஸ்பீக்கர்களும் வீட்டைவிட்டுப் போயின. அதற்கப்புறம் எந்தக் கிளப்பின் வாசலையும் அவர் மிதிக்கவில்லை.

டோனாவுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தது, நோயாளிகளுக்கு நேரம் குறித்துத் தரும் இடத்தில். அப்பாவும் மகளும் அதே வீட்டில் பதினொரு வருஷம் இருந்தார்கள். கால்பந்து பேசினார்கள், மழை பேசினார்கள். வானொலியில் பாட்டு வந்தால் யாராவது ஒருவர் எழுந்துபோய் அணைப்பார்கள்.

கடைசியில் லெஸ் நுரையீரல் கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

அவர் சிரித்ததெல்லாம் அந்த வேனில்தான் என்பதை அவள் சொல்லியிருக்கலாம்.

"எனக்குத்தான் பாடணும்னு வெறி" என்றாள். "நீ தடுத்திருந்தாலும் திருட்டுத்தனமாப் போயிருப்பேன். உனக்காக ஒண்ணும் இல்ல, பெரிய ஆளு மாதிரி நினைச்சுக்காதே."

லெஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்றதுல நீ உங்கம்மா மாதிரி இல்ல" என்றார். "வரவே மாட்டேங்குது உனக்கு."

அவள் முகமூடியை எடுத்து அவர் முகத்தில் சரியாகப் பொருத்தினாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் இறந்துபோனார். அடக்கத்துக்குக் கப்பல் தளத்தில் வேலை பார்த்த பழைய ஆட்கள் நிறையப் பேர் தேவாலயத்துக்கு வந்தார்கள். எல்லோரும் எழுந்து துதிப்பாட்டைப் பாடினார்கள். டோனா முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்தபடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.