ஓட்டுநர் மனைவி நடந்தே போனாள்

சாயப்பட்டறை வேலையை விட்டு நின்று வெகுகாலம் ஆன பிறகும் அவளுடைய நகக்கண்களில் நீலம் போகவில்லை. அவள் இறந்து, கடைசியாகக் குளிப்பாட்டியபோதும் இருந்தது. 'நீலக்கை' என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும்.

பட்டறைக்கும் குடியிருப்புக்கும் இடையே ஒரே ஒரு பஸ் ஓடியது. சாயத் தொழிலாளர்கள் அதில் உட்காரக் கூடாது என்று பஸ் முதலாளி ஒருநாள் அறிவிப்பு ஒட்டினார். சீட்டில் கறை படிகிறதாம். இடம் காலியாகக் கிடந்தாலும் நின்றுகொண்டே வரவேண்டும். கட்டணம் மட்டும் முழுசு. நாள் முழுக்கத் தொட்டியருகே நின்று கால் கடுத்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. உட்கார விடும்வரை யாரும் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவளுடைய கணவர். அதனால் எல்லோர் கண்ணும் அவள் மேல்தான் இருந்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய கொதிகலன்காரர் நேராகவே சொன்னார்: "நீ ஒருநாள் ஏறினா போதும்மா. மறுநாள் மொத்தப் பேரும் ஏறிடுவாங்க."

"ஏறும்போது சொல்லுங்கண்ணே. இப்போ நடங்க."

அவளுடைய வலது முழங்கால் ஏற்கெனவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. காலி பஸ்ஸானாலும் எல்லா நிறுத்தத்திலும் நின்று கதவைத் திறக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கணவர் நிறுத்துவார், திறப்பார். கதவுச் சத்தம் கேட்டும் அவள் திரும்பாமல் நடப்பாள்.

வீட்டில் அவர்தான் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

"என் வண்டியில ஏறினா கௌரவம் குறைஞ்சிடுமா?"

"வண்டி எங்கே உங்களுது? ஸ்டியரிங் மட்டும்தான் உங்களுது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். கால்வாயை ஒட்டிய சாலையில் விளக்கு கிடையாது. அவர் பஸ்ஸை மெல்ல உருட்டிக்கொண்டு, விளக்கைப் போட்டபடி நடப்பவர்களுக்குப் பின்னால் வர ஆரம்பித்தார். சில நாள் அந்த வெளிச்சத்திலேயே எல்லோரும் நடந்தார்கள். பிறகு கொதிகலன்காரருக்கு உறுத்தியது.

"வெளிச்சத்தை ஏத்துக்கிட்டா பஸ்ஸையும் ஏத்துக்கிட்ட மாதிரிதானே?"

"அப்போ வெளிச்சத்துலயும் நின்னுக்கிட்டேதான் வரணுமா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. நொண்டியபடியே பின்னால் போய் ஜன்னலைத் தட்டினாள்.

"நீங்க முன்னாடி போயிடுங்க."

"அங்கே குழி இருக்குடி."

"இருக்கட்டும்."

பஸ் எல்லோரையும் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம்கூட நடந்திருக்கமாட்டார்கள், அவள் குழியில் கால் வைத்து விழுந்தாள். கூச்சல் கேட்டு பஸ் நின்றது. கதவு திறந்தது.

கொதிகலன்காரர் குனிந்து, "ஏறிக்கம்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் அவள் ஏறினால் மறுநாள் காலை என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மண்ணில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள்: "அவரை இறங்கி வரச் சொல்லுங்க."

ஓட்டத்தின் நடுவே வண்டியை விட்டு இறங்கினால் வேலை போய்விடும். அது தெரிந்தும் அவர் இறங்கி வந்தார். அவள் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு தூக்கி நிறுத்தினார்.

"லைட்டை அணைக்காம வந்துட்டீங்க. பேட்டரி இறங்கிடும்."

"இறங்கட்டும். அந்தக் காலை ஊனாதே."

மறுநாளே அவரை நீக்கினார்கள். காலி பஸ்ஸை ஓட்டி ஏச்சு வாங்க வேறு எந்த டிரைவரும் வரவில்லை. பஸ் கொட்டகையிலேயே கிடந்து, கடைசியில் முதலாளி அறிவிப்பைக் கிழித்தார். ஆனால் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் லாரிக்குப் போனார். வீட்டில் தங்கிய நாட்கள் குறைந்தன. அவள் வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போய்வந்தாள். கால் கடைசிவரை நேராகவில்லை.

அன்றைக்கு ஏன் இறங்கினீர்கள் என்று அவரிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவரும் கேட்டார்.

"அவ கூப்பிட்டா, போனேன்" என்றார்.